பன்னிரண்டாம் நம்பர் ஊசி

போடி,
16.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகன்யா எழுதுவது. நானும் முத்துப்பிரியாவும் நலம். உன் இருமல் நின்றதா? எஸ்டேட்டில் மழை பிடித்துக்கொண்டது என்று ஜீப் ஓட்டும் பிச்சைமணி அண்ணன் சொன்னார். காதைக் கட்டிக்கொள்.

போனில் சொல்ல முடியாது. நீ மேட்டுக்கு ஏறிச் சிக்னல் பிடித்துப் பேசும் அந்தப் பத்து நிமிடமும் உன் மகள் என் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறாள். இன்னும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதம்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். நீ இருக்கிறாய், ஜீப்போடு. நான் இருக்கிறேன். மூன்றாவதாக ஒரு சேலை. அதற்கு மேல் வெறும் வட்டம்.

"அம்மா மூஞ்சி எப்பிடி இருக்கும் அத்தை?"

உங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினேன். பார்த்தாள். "இது நகைக்கடை போர்டுல இருக்குற அக்கா" என்றாள்.

மதினி போய் இரண்டு வருடம். பூப்பாறைக்கு மேலே அவர் அண்ணன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. நீ பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. நேற்றுக் காலை தலை சீவும்போது முத்து என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.

ஒரு பொம்மை பின்னலாம் என்று நினைக்கிறேன். அம்மா பொம்மை. மதினி விட்டுப்போன பையில் உல்லன் நூல் இருக்கிறது, பத்தாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி இருக்கிறது. உள்ளே இருந்த புத்தகத்தில் கரடியும் முயலும்தான். மனுஷிக்கு வழி எழுதவில்லை. நானே போட வேண்டும். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி, ஊசியில் ஒரு நூல் வளையம்.

பொம்மை கையில் இருந்தால் அவள் கேட்பதை நிறுத்துவாள் என்று செய்கிறேனா, இல்லை கேட்க வேண்டும் என்று செய்கிறேனா? தெரியவில்லை.

மதினியின் முகம் நீளமா, வட்டமா? மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். எனக்கு வருவது சடை மட்டும்தான். அதுவும் பின்னால் இருந்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சுகன்யா


எஸ்டேட் ஸ்டோர்,
23.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் மனோஜ். நலம். பாப்பாவும் நீயும் நலம்தானே. இருமல் குறைந்துவிட்டது.

பொம்மை எதற்கு? கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஆகாதா? எனக்கு உல்லனும் தெரியாது, கயிறும் தெரியாது. ஏலக்காய் உலர்த்தும் அடுப்பைத் தவிர எதைப் பற்றிக் கேட்டாலும் நான் முழிப்பேன்.

முகம் நீளம். சடை இடுப்பு வரை. வலது கண்ணுக்குக் கீழே மச்சம். ஒல்லி. அவ்வளவுதான் எழுத வருகிறது.

பாப்பாவுக்குத் திராட்சை கொடுத்துவிட்டிருக்கிறேன்.

மனோஜ்


போடி,
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். முத்துவுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. நாளெல்லாம் நாக்கு அங்கேயேதான்.

தலையில் தொடங்கினேன். எட்டுக் கண்ணி ஏற்றி, அதைப் பதினாறாக்கி, இருபத்துநான்காக்கி, முப்பத்திரண்டில் நிறுத்தினேன். பன்னிரண்டு வரிசை கூட்டாமல் குறைக்காமல். பிறகு வந்த வழியே குறைத்தேன். தாளில் முகம் மாதிரித்தான் இருந்தது. கையில் மாங்காய்.

உள்ளே இலவம்பஞ்சு அடைத்தேன். போடியில் வேறு எதை அடைப்பது? கண்ணிக்குக் கண்ணி பஞ்சு வெளியே வந்தது. கன்னம், தாடை எல்லாம். முத்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, அம்மாவுக்கு நரைச்ச தாடி."

இன்னும் மெல்லிய ஊசி வேண்டும் என்று புரிந்தது. நூல்கடை அக்தர் பானு அக்காவிடம் போனேன். பத்தாம் நம்பர் பெரிதாக இருக்கிறது, எட்டாம் நம்பர் கொடுங்கள் என்றேன்.

"எட்டா? எதுக்குடி எட்டு?"

"பொம்மைக்கு."

"யானைப் பொம்மையா?"

"மனுஷிதான்க்கா."

"சரி, கேட்டதக் குடுக்குறது என் சோலி. அப்பறம் வந்து என்னையச் சொல்லாத."

எட்டாம் நம்பர் கண்ணுக்குத் தடிமனாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் ஏலக்காய் சலிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். எட்டு எம்.எம். காய் ஒரு குவியல், ஏழு ஒரு குவியல், ஆறு ஒரு குவியல். கண்ணை நம்பாதே, சல்லடை எண்ணை நம்பு. எம்.ஏ. முடித்து வந்த முதல் நாள் எனக்கு அங்கே சொன்னது அது ஒன்றுதான். எண் சிறிதானால் பொருளும் சிறிது. எனவே எண்ணை நம்பிப் பின்னினேன்.

இப்போது தலை தேங்காய் அளவு. பஞ்சு வீடு முழுக்க. சோற்றில்கூட.

எங்கே தப்பு என்று தெரியவில்லை. உனக்கும் தெரியாது. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

சுகன்யா


எஸ்டேட் ஸ்டோர்,
4.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். காய் பறிக்கும் முதல் எடுப்பு தொடங்கிவிட்டது. ஸ்டோரில் அடுப்பு அணைவதில்லை.

உன் கடிதம் பார்த்தது.

ஊசியில் நம்பர் கூடக் கூட மெலிவு. ஏலக்காய்க்கு நேர் எதிர். பன்னிரண்டாம் நம்பர் வாங்கு. கண்ணி நெருக்கமாக விழும். அப்படியும் பஞ்சை நேராக அடைக்காதே. பழைய சேலைத்துணியில் சின்னப் பை தைத்து, அதில் பஞ்சை வைத்து, அதை உள்ளே வை.

கண்ணி குறைக்கும்போது இடது ஓரத்தில் இடப்பக்கம் சாய்கிற மாதிரிக் குறை, வலது ஓரத்தில் வலப்பக்கம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்தால் முகம் கோணும். உன் மாங்காய்க்கு அதுதான் காரணம்.

தலையைத் தனியாகப் பின்னி ஒட்டவைக்காதே. கழுத்து நிற்காது. காலிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாகத் தலைக்குப் போ.

பாப்பாவின் பல் விழுந்தால் எடுத்து வை. தூக்கி எறியாதே.

மனோஜ்


போடி,
18.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா? அடுப்புப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜூன் மாதம் உனக்கு உல்லனும் கயிறும் ஒன்று. ஆகஸ்டில் எந்த ஓரத்தில் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்கிறாய். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நேரம் போகாமல் கற்றுக்கொண்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். உன் தடித்த விரல்களில் பன்னிரண்டாம் நம்பர் ஊசி. அந்தப் படத்தை மனத்தில் போட்டுப் பார்க்கிறேன். நிற்கவில்லை. நழுவுகிறது.

ஆனால் நீ சொன்னதெல்லாம் சரி. காலிலிருந்து தொடங்கினேன். கழுத்து நிற்கிறது. பஞ்சு வரவில்லை. ஒரு அங்குலத்துக்கு ஏழு கண்ணி, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒல்லியான உடம்பு. கறுப்பு உல்லனில் சடை பின்னி வைத்திருக்கிறேன், பொம்மையின் இடுப்பு வரை. முகம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. கண் வைக்கக் கை வரவில்லை.

பல் விழுந்தது. தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நீயாகப் பல்லைப் பற்றிக் கேட்கிற ஆள் இல்லையே என்றும் நினைத்தேன்.

சுகன்யா


எஸ்டேட் ஸ்டோர்,
15.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். எடுப்பு மும்முரம். பதில் தாமதம்.

சில மாற்றம். சடை வேண்டாம். முடி கழுத்து வரை போதும். இடுப்பில் ஆறு கண்ணி கூட்டு, கையில் இரண்டிரண்டு. முகம் நீளம் என்று எழுதியிருந்தேன். வட்டமாகச் செய். கண்ணாடி போடு, கம்பியை வளைத்தால் போதும்.

விரல் ஐந்தும் பின்ன முயலாதே. கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கட்டும். மாதிரிக்கு ஒரு கை இதோடு இருக்கிறது.

ஏன் என்று கேட்காதே. வெரசாக முடி.

மனோஜ்


போடி,
29.9.2024

அண்ணனுக்கு,

நலம். முத்துவும் நலம்.

கை வந்து சேர்ந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் சும்மா நழுவவிட்டிருக்கிறது. அதனால் ஓரம் சங்கிலி மாதிரி இருக்கிறது. முத்து கைக்குழந்தையாக இருந்தபோது மதினி பின்னிப் போட்ட குல்லாயைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதே ஓரம். அதே சங்கிலி.

என் கடிதங்களைப் படிப்பது நீ மட்டும் இல்லை.

அப்படியானால் கழுத்துவரை முடியும், கூட்டிய ஆறு கண்ணியும், கண்ணாடியும் பொம்மைக்கு இல்லை, இப்போது இருக்கிற மதினிக்கு.

நான் எதைப் பின்னிக்கொண்டிருந்தேன் அண்ணே? முகம் தெரியாமல் போன ஒருத்திக்குப் பதில் ஒரு பொம்மை என்று நினைத்தேன். வரப்போகிறவளுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வந்தால் முத்து போவாளா? போனால் நான் காலையில் யாருக்குத் தலை சீவுவேன்? கேட்கவே அசிங்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. பஸ்சில் நடந்தது உனக்குத் தெரியும். அன்று மதினி மூன்று வயது முத்துவோடு மூணாறு பஸ்சில் மலையிலிருந்து வந்தார். போடி பஸ் ஸ்டாண்டில் உல்லன் பையோடு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் நின்று நான் கேட்டேன், முத்து எங்கே? அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் தேனி வரை போய்விட்டாள். தேனி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் மேசைமேல் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டாள்.

உனக்குத் தெரியாதது, அன்று நான் சொன்னது. "பையை மறக்கல. பிள்ளையத்தான் மறந்திருக்க." அதுவரை மதினியை நீங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் நீ. அவர் பையைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் போனார். பையை எடுக்கவில்லை.

நேற்று பொம்மையைப் பிரித்துவிட்டேன். காலிலிருந்து பின்னியது தலையிலிருந்து பிரிந்தது. கோபத்தில் இல்லை. எதில் என்று தெரியவில்லை. நூல் வளைந்து வளைந்து கிடக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் இருந்த இடம் நூலில் தெரிகிறது.

முத்து கேட்டாள். "அம்மாவுக்குக் குளிக்க ஊத்துறேன், நூலா ஆனாத்தான் அழுக்குப் போகும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சுகன்யா


எஸ்டேட் ஸ்டோர்,
27.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான்கு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். கோபம் இல்லை. எனக்கு எழுத வராது.

உன் மதினி எட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அவளாகப் போனாள். அப்போதே தூக்கம் இல்லையாம், முத்து பிறந்ததிலிருந்தே. இரண்டு நாள் தூங்காமல் பஸ்சில் வந்தாளாம் அன்று. நான் ஸ்டோரில் இருந்தேன், கவனிக்கவில்லை. இப்போது மாத்திரை. தூக்கம் வருகிறது. உடம்பு ஊதிவிட்டது. முடி கொட்டியது, வெட்டிவிட்டாள். உன் முதல் கடிதத்துக்குப் பதில் போட்டபின் அதை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேட்கத்தான் போனேன், முகம் எப்படி என்று. எனக்கும் சரியாக வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

பாப்பா பார்த்தால் பயந்துவிடுவாள் என்பதுதான் அவளுக்குப் பயம். "போட்டோவுல இருக்குறவ வரமாட்டா. வர்றவ மாதிரி இருக்கட்டும் பொம்மை. பார்த்துப் பழகட்டும்" என்றாள். வேறு ஒன்றும் இல்லை.

நீ சொன்னது எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. "சுகன்யா கேட்டது சரிதான, நானும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

முடிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். பிரித்த நூலை அப்படியே பின்னக் கூடாதாம். நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் வளைவு போகும் என்றாள்.

தீபாவளிக்கு வர முடியாது. லோடு நிற்கிறது. பாப்பாவுக்கு நீயே துணி எடு.

மனோஜ்


போடி,
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முத்துவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

நூலை நனைத்துக் கொடியில் போட்டேன். நுனியில் கனத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை கட்டினேன். நான்கு நாள். முழுக்க நேராகவில்லை. போதும் என்று எடுத்துவிட்டேன்.

இப்போது என் தாளில் இருப்பது: ஒவ்வொரு காலுக்கும் பன்னிரண்டு கண்ணி. இரண்டும் சேரும் இடத்தில் இருபத்துநான்கு, அதோடு ஆறு. இடுப்பிலிருந்து மார்புக்கு மெதுவாகக் குறைய வேண்டும், நான்கு வரிசைக்கு ஒரு முறை. கழுத்தில் பதினாறு. அங்கிருந்து தலைக்குச் சட்டென்று விரிகிறது. முடி, கழுத்தைத் தொடுகிற நீளத்தில் வெட்டிய நூல். கண்ணாடி, பூக்கட்டும் கம்பி. ஓரத்தில் முதல் கண்ணியை நழுவவிடுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துச் செய்கிறேன்.

ஒரு உடம்பை எண்ணால் எழுத முடிகிறது. எழுதி முடித்த பிறகும் அந்த ஆள் யார் என்று தெரியவில்லை.

கண்ணை முத்து வைத்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றவிடவில்லை. மச்சம் நான் வைத்தேன்.

இட்லி ஊட்டுகிறாள். பள்ளிக்கூடம் கொண்டுபோகிறாள். "எங்கம்மா குண்டு. கண்ணாடி போட்டிருக்கும்" என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குச் சிரிப்பா, வேறு ஏதாவதா? ஏதோ வந்தது.

என்னை இப்போது அம்மா என்று கூப்பிடுவதில்லை. அந்த ஒரு காலைதான்.

அரையாண்டு லீவு டிசம்பர் 24 தொடங்குகிறது. போடிமெட்டு வரை முத்துவை நான் கொண்டுவந்து விடுகிறேன், மதினி அங்கே வரட்டும். கீழே வேண்டாம். இந்த வாசல் வேண்டாம்.

சுகன்யா


எஸ்டேட் ஸ்டோர்,
8.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். 24ஆம் தேதி காலை பத்து மணி. செக்போஸ்ட் தாண்டி முதல் டீக்கடை. பிச்சைமணி ஜீப்பில் வருகிறோம். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் போடு. கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பாள், எலுமிச்சை வைத்துக்கொள்.

உன் மதினி இரண்டு ஞாயிறாக எந்தச் சேலை என்று கேட்கிறாள். பொம்மைக்கு என்ன நிறம் போட்டாய்?

மனோஜ்


போடி,
26.12.2024

அன்புள்ள மதினிக்கு,

சுகன்யா எழுதுவது. நலமா? தூக்கம் வருகிறதா? மலையில் குளிர் எப்படி? ஏழு மாதமாக அண்ணனுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இதை நான் கேட்கவில்லை. இன்று எடுத்துப் பார்க்க வழியில்லை, அவை உங்களிடம் இருக்கின்றன. ஆனால் கேட்கவில்லை என்று தெரியும்.

டீக்கடையில் நாம் பேசவே இல்லை. நீங்கள் பொம்மையைப் போலவே பச்சைச் சேலையில் நின்றீர்கள். முத்து பொம்மையைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், மறுபடி பொம்மையை. அவள் உங்கள் கன்னத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அத்தை, பொம்மைக்குக் காது வைக்கவே இல்ல பாரு. அம்மாவுக்கு இருக்கு" என்றாள்.

தப்பு பொம்மையில்தான் இருந்தது.

அப்புறம் ஜீப்பில் ஏற அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பொம்மையை என் கையில் திணித்தாள். பத்து நாளில் கொண்டுவந்து விடுவேன் என்று அண்ணன் இரண்டு முறை சொன்னான். நீங்கள் சொல்லவில்லை. அதுவும் சரிதான். ஜீப் போனது. அவள் திரும்பிப் பார்த்தாளா? ஜீப்பின் பின்கண்ணாடியில் பனி.

உங்கள் உல்லன் பையைக் கொடுப்பதற்காகத்தான் எடுத்து வந்திருந்தேன். கொடுக்கவில்லை. எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை. பதினொன்றரை பஸ்சில் மலை இறங்கினேன். பை மடியில். பொம்மையை ஜன்னலோரம் உட்காரவைத்தேன், முத்து வரும்போது உட்கார்ந்த அதே பக்கத்தில். வளைவில் சாயும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். தூங்கவில்லை. எதையும் நினைக்கவும் இல்லை.

போடியில் இறங்கி நடந்தேன். வாசலில் சாவி தேடினேன். பையைத் திறந்தேன். நூல், ஊசி, கட்டத்தாள், எலுமிச்சை. பொம்மை இல்லை.

அந்த வாசலில்தான், மதினி. நீங்கள் நின்ற இடத்தில். கேட்க யாரும் இல்லை.

அடுத்த பஸ்சில் தேனிக்குப் போனேன். டைம்கீப்பர் மேசைமேல் உட்கார்ந்திருந்தது, கண்ணாடியோடு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்மையத் தேடியா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமா."

"பக்கத்துல வச்சிருந்தத எப்பிடிம்மா மறந்தீக?"

அவர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். பை கையில்தான் இருந்தது. பையை மறக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு பையைப் பிச்சைமணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்தாம் நம்பர் ஊசி உள்ளே இருக்கிறது. பன்னிரண்டாம் நம்பரை நான் வைத்துக்கொண்டேன். பொம்மையும் இங்கே இருக்கட்டும், அதற்கு ஒரு வேலை பாக்கி. தீப்பெட்டி ஒன்று பையின் அடியில். முத்துவின் பல். நீங்கள்தான் எடுத்துவைக்கச் சொன்னீர்கள்.

முத்துவுக்குக் காலையில் தலை சீவும்போது வகிடு இடது பக்கம் எடுத்தால் அழமாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடாதீர்கள்.

காதுக்கு எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்? எழுதுங்கள்.

சுகன்யா